மழலையர் கல்விக்கு வழிபாட்டுத் தலங்களின் ஆதரவு கோரும் மனு

அனுப்புநர்: அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம், புதுச்சேரி.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, புதுச்சேரி அரசு.

நகல்: இந்து சமய நிறுவனங்கள் துறை, வக்பு வாரியம்.

பொருள்: மூன்று வயது நிறைந்த பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்க்கக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வழியாகப் பெற்றோரிடம் பேசுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நம் ஊரில் பலருக்கு அங்கன்வாடி இன்னும் பால்வாடிதான். முட்டையும் சத்துமாவும் கிடைக்கும் இடம், அவ்வளவே. ஆனால் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான முன்பருவக் கல்வி அதன் சேவைகளில் ஒன்று. பாட்டும் கதையும் விளையாட்டுமே அந்த வயதின் படிப்பு என்று யாரும் எடுத்துச் சொல்லாததால், கடன் வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் ஆறு வயதுவரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாயம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11ஆம் பிரிவு நின்றுவிடுகிறது.

ஆகவே இதைப் பெற்றோரிடம் கொண்டுசேர்க்க வழிபாட்டுத் தலங்களை நாடுகிறோம். துறையின் துண்டறிக்கையைப் படிக்காத தாய்கூட, ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை சொல்வதையும் வெள்ளி ஜும்ஆவில் இமாம் பேசியதாக வீட்டார் வந்து சொல்வதையும் காதில் வாங்குவார். பெண்பிள்ளைகளின் படிப்பு இவ்வூரில் வேர்விட்டதில் 1827இல் இங்கு வந்த குளூனி சபைக் கிறித்தவக் கன்னியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சமயத்தார் கல்விக்குத் துணைநிற்கும் அந்த மரபு மூன்று வயதுப் பிள்ளைக்கும் பயன்பட வேண்டும்.

ஆகவே சம்பா கோவில் தேவாலயம், குத்பா பள்ளிவாசல், மணக்குள விநாயகர் கோயில் உள்ளிட்ட தலங்களின் பொறுப்பாளர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் ஒரே கூட்டத்தில் அமர்த்துங்கள். விஜயதசமியன்று கோயில்களில் ஏடு தொடங்க வரும் குடும்பங்களிடம் அங்கேயே சேர்க்கைப் படிவம் தரலாம். திருமுழுக்குக்கு முன் பெற்றோருக்கு நடக்கும் வகுப்பிலும், மதரசாவுக்கு மூத்த பிள்ளைகளை விட வரும் தாய்மாரிடமும் பணியாளர்கள் சில நிமிடம் பேச வாய்ப்பு வாங்கித் தாருங்கள். நெருக்கடியான வாடகை இடங்களில் நடக்கும் மையங்களுக்குத் தலங்களின் மண்டபம் கிடைக்குமா என்றும் கேட்கலாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். மையத்துக்குள் எந்த மதப் போதனையும் கூடாது. யாருடைய மண்டபமானாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும். நன்கொடையாளர் கிடைத்தார்கள் என்று அரசு தன் நிதியைக் குறைப்பதையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

கூட்டத்தை விஜயதசமிக்கு முன்பே கூட்டி, தேதியை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்