பதறும் மனசு... பாடுபடும் இதயம்!

மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் காலை, தவணை கட்டாத மாதத்தில் அடிக்கும் காலிங் பெல், நள்ளிரவில் ஊரிலிருந்து வரும் போன்... இந்த நேரங்களில் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் சொன்னால், ‘டென்ஷன்தான், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் படு’ என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். இருந்தாலும், அந்த ‘டென்ஷன்’ என்ற சொல் இரண்டு விதத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் மன அழுத்தம் இதயத்தைப் பாதிக்கும் என்பதை மறக்கவைக்கிறது. சில சமயம், நிஜமான மாரடைப்பையே டென்ஷன் என்று நம்பவும் வைக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

பயமோ கோபமோ வந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு மூளை செய்தி அனுப்புகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது; பி.பி. ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. தெருநாய் துரத்தினால் ஓடுவதற்கு சக்தி வேண்டும், கடித்தால் ரத்தம் சீக்கிரம் உறைய வேண்டும் என்பதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆபத்து விலகியதும் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

துரத்துவது கடனாகவோ, ஓயாத குடும்பச் சண்டையாகவோ, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் பாரமாகவோ இருந்தால், அது ஒரு நாளில் விலகுவதில்லை. கார்ட்டிசால் ஹார்மோன் தொடர்ந்து அதிகமாகவே இருக்கிறது. தூக்கம் கெடுகிறது. பசி தவறுகிறது அல்லது பலகாரத்தின் மீது கை போகிறது. ஆண்கள் பலர் சிகரெட்டையும் மதுவையும் தேடுகிறார்கள். நடைப்பயிற்சி நின்றுபோகிறது, மாத்திரை மறந்துபோகிறது. ரத்தக் குழாய்கள் இந்த எல்லாவற்றின் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. கேரளத்தில் பிறந்த இதயநோய் நிபுணர் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-ல் வெளியானது. மாரடைப்போடு தொடர்புள்ள ஒன்பது முக்கியக் காரணிகளில், புகைப்பழக்கம், கொழுப்பு, பி.பி., சர்க்கரை ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் அது சேர்த்தது.

திடீர் துக்கமும் இதயத்தைத் தாக்கும். கணவரையோ பிள்ளையையோ இழந்த அதிர்ச்சியில் நெஞ்சுவலியோடு வருபவர்களில் சிலருக்கு, இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு போலவே காட்டும். ஆஞ்சியோகிராம் செய்தால் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. இதயத்தின் இடது கீழறை மட்டும் அடியில் பலூன் போல உப்பி, சரியாகச் சுருங்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும். 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் இதை விவரித்தபோது, அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் உருவம் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பானையின் பெயரையே வைத்து ‘டகோட்சுபோ’ என்றார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகவும் முடிவதுண்டு என்பதால், ஆரம்ப நாட்களில் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம்.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது?

மனதின் இருப்பிடம் இதயம் என்பது ஆயுர்வேதத்தின் பழைய கருத்து. ஓஜஸ் எனப்படும் உயிர்ச்சக்தி தங்குவதும் அங்கேதான் என்கிறது சரக சம்ஹிதை. இதயத்தைக் காக்க நினைப்பவர் மனதுக்குத் துன்பம் தரும் காரணங்களை முக்கியமாகத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதய நோய்களை ஐந்து வகையாகப் பிரிக்கும் அந்த நூல், அவற்றின் காரணங்களில் கவலையையும் பயத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அதனால்தான் படபடப்போடு வருபவரிடம் ஆயுர்வேத மருத்துவர் தூக்கம், பசி, மலச்சிக்கல், வேலை நேரம், வீட்டுச் சூழல் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார். பதற்றம், தூக்கமின்மை, அலைபாயும் எண்ணம் ஆகியவற்றை வாத தோஷம் மிகுந்ததன் அடையாளமாக அவர் பார்க்கிறார். ஒழுங்கு, எண்ணெய், வெதுவெதுப்பு, ஓய்வு ஆகியவை வாதத்தை அடக்கும் என்பது சிகிச்சையின் அடிப்படை. இவற்றில் பலவற்றை வீட்டிலேயே தொடங்கலாம்.

* தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரே நேரத்தில் சாப்பிடுவது, இரவு உணவை எட்டு மணிக்குள் முடிப்பது. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

* அப்யங்கம் எனப்படும் எண்ணெய்த் தேய்ப்பு. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளிக்கலாம். தினமும் முடியாதவர்கள் படுக்கும் முன் உள்ளங்காலில் மட்டும் ஐந்து நிமிடம் தேய்க்கலாம். பிறகு கால்களைத் துடைத்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கும்.

* மூச்சுப் பயிற்சி. நான்கு விநாடி மூச்சை இழுத்து, ஆறு விநாடி மெதுவாக விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். இந்த வேகத்தில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு நிதானமாகிறது. காலை, மாலை பத்து நிமிடம் போதும். இதய நோயாளிகள் மூச்சை அடக்கிவைக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக் கூடாது.

* ஆயுர்வேத மையங்களில் நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றும் சிரோதாரா பலருக்கு நல்ல தூக்கத்தைத் தருகிறது. பி.பி. கட்டுப்பாட்டில் உள்ளதா என்று பார்த்த பிறகே செய்துகொள்ள வேண்டும்.

மூலிகைகளில் கவனம்

மருதம்பட்டைத் தூளைப் பாலும் நீரும் சேர்த்து, நீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சும் பால் கஷாயம் இதய நோய்களுக்கு ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. அமுக்கரா கிழங்கு எனும் அஸ்வகந்தா பதற்றத்தைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இவை ஏற்கெனவே ஏற்பட்ட ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் சர்ப்பகந்தாவின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் பயன்பட்டுவந்த வேர் இது. மும்பை இதயநோய் நிபுணர் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது பி.பி.யைக் குறைப்பதை 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ‘ரெசர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டு, உலகமெங்கும் பி.பி. மாத்திரையானது. பிறகு, அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகத் தகவல்கள் வந்தன. வேலை செய்யும் எந்த மருந்துக்கும் அளவும் உண்டு, பக்கவிளைவும் உண்டு.

இருமலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும் அதிமதுரமும் இப்படித்தான். தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் பி.பி.யை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அஸ்வகந்தாவைத் தாமாக எடுக்கக் கூடாது. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருதம்பட்டைக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். லேபிளும் உரிம எண்ணும் இல்லாத பொடிகளை வாங்கவே வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது.

முக்கியமான இன்னொன்று: கஷாயம் ஆரம்பித்தாயிற்று என்று பி.பி. மாத்திரையை நிறுத்துவது. துடிப்பைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். ஆயுர்வேத மருத்துவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டையும், இதய மருத்துவரிடம் மூலிகைப் பட்டியலையும் காட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எப்போது ஓட வேண்டும்?

பதற்றத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணியில் அடங்கிவிடும். மாரடைப்பும் தொடக்கத்தில் அதே மாதிரி தோன்றலாம் என்பதால், வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது. நெஞ்சில் பாரம், அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் கஷாயம், சோடா, ஓமத்தண்ணீர் எதுவும் வேண்டாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன.

பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் குமட்டல், அசாத்திய அசதி, முதுகுவலி, மூச்சு வாங்குதல் என்றும் மாரடைப்பு வரலாம். அம்மா ‘என்னமோ பண்ணுது’ என்றால், கேஸ் என்றும் டென்ஷன் என்றும் வீட்டார் முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, அந்த டென்ஷனுக்கும் வைத்தியம் தேவை. மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லாதவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண்ணான 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.