ஒரு பானை ஹண்டியா

போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். ஒரு சாயங்காலம் அவன் என்னை ஒரு மைக்ரோபுரூவரிக்குக் கூட்டிப்போனான். அங்கேயே பீர் தயாரித்து அங்கேயே விற்கிற கடை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் டேங்குகள் வரிசையாக நிற்கின்றன. எனக்குப் பார்த்தவுடன் சாயப்பட்டறை ஞாபகம்தான் வந்தது. அதே வால்வு, அதே டெம்பரேச்சர் மீட்டர், அதே ஈரத் தரை.

மெனு அட்டையை மகன் படித்துக் காட்டினான். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டது ஒன்று, பெல்ஜியம் முறையாம். எலுமிச்சம்புல் போட்டது ஒன்று. ராகி சேர்த்தது ஒன்று. "அப்பா, இதெல்லாம் இப்போ புது ஃபேஷன்" என்றான். பக்கத்து மேஜையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ருசி பார்க்க ஒரு வாய் குடித்தேன். குடித்ததும் நினைவுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் சாக்கடையில் கொட்டப்பட்ட ஒரு பானை. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு லைன் வீடு இருக்கிறது. எட்டு அறை, பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். குடியிருப்பவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். பாதிப் பேர் ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். ஒரு பங்குனி மாதம் காலையில் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க மாஸ்டர், கொஞ்சம் வந்து என்னன்னு கேளுங்க. அந்தக் கோடி ரூம்ல சாராயம் காச்சறாங்க போல. நாத்தம் குடலைப் பிடுங்குது. போலீஸ் வந்தா என்னையத்தான் புடிப்பாங்க" என்றார். பட்டறையில் வடக்கத்திப் பையன்களோடு பழகியதில் எனக்குச் சுமாராக இந்தி வரும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை. மூலையில் துணி கட்டிய ஒரு அலுமினியப் பானை. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். செக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள். பயத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. மெதுவாகக் கேட்டபோது சொன்னாள். சர்ஹுல் பண்டிகையாம், சால மரம் பூக்கிற காலத்தில் அவர்கள் ஊரில் கும்பிடுவது. பெரியவர்களுக்குப் படைக்க ஹண்டியா இல்லாமல் பண்டிகை இல்லையாம். சோற்றை ஆக்கி, ஆறவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ராணு என்ற உருண்டையைப் பொடித்துக் கலந்து மூன்று நாள் மூடி வைத்திருக்கிறாள். ராணு என்பது அரிசி மாவில் காட்டு வேர், பட்டை, இலை என்று பலவற்றை இடித்துச் சேர்த்துக் காயவைத்தது. எந்தெந்தப் பட்டை என்று கேட்டேன். அது அவள் மாமியாருக்குத்தான் தெரியுமாம்.

துணியை விலக்கி முகர்ந்தேன். நாற்றம் என்று வீட்டுக்காரர் சொன்னது எனக்கு நாற்றமாகவே படவில்லை. 1974-ல் நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லின் பிராசஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியை நெய்த துணியிலிருந்து நீக்கினால்தான் சாயம் பிடிக்கும். அதற்கு அப்போது பாக்டீரியா என்சைம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் மால்ட் சாறுதான், அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, என்று பழைய ஃபோர்மேன் சொல்லுவார். முளையில் இருக்கிற என்சைம் கஞ்சியைச் சர்க்கரையாக்கிக் கரைத்துவிடும். பீர் தயாரிப்பதிலும் முதல் வேலை இதேதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கு, பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக்கும். ராணுவில் இருக்கிற பூஞ்சையும் ஈஸ்ட்டும் இரண்டு வேலையையும் ஒரே பானையில் செய்துவிடுகின்றன. அந்தப் பானையிலிருந்து வந்தது என் பழைய மில் வாசனை. பழைய கம்மங்கூழ் வாசனை என்றும் சொல்லலாம்.

ஆனால் என்ன செய்ய முடியும்? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி உரிமம் இல்லாமல் மதுவை யார், எதற்காகத் தயாரித்தாலும் குற்றம். நானே அவளிடம் கொட்டிவிடச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் வாசல் சாக்கடையில் கொட்டினாள். அன்றைக்கு இரவு ஏழு மணிக்கு அவள் வீட்டுக்காரன் இரண்டு தெரு தள்ளி டாஸ்மாக் வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். பண்டிகையாயிற்றே!

மூன்று வருடமாக இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டுக்கென்று ஊறவைப்பது வேறு, விற்பதற்கென்று காய்ச்சுவது வேறு. நம் சட்டம் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத வடக்கத்திப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல் இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கும் முறை அதில் வரிசையாகச் சொல்லப்படுகிறது. எங்கள் ஃபோர்மேன் சொன்ன அதே மால்ட் வேலை! வீட்டில் சமைத்த நெல்லுக் கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப் பெயரே இருந்திருக்கிறது.

மூலிகை போடுவதும் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் தசமூலாரிஷ்டம் வாங்கினால், 5 முதல் 10 சதவீதம் தானாக உண்டான ஆல்கஹால் என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். பத்து வேர்களின் கஷாயத்தில் வெல்லம் போட்டு, தாதகிப் பூ சேர்த்து ஊறவைப்பது அது. பிரசவமான பெண்களுக்கு நாமே வாங்கிக் கொடுக்கிறோம். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பீருக்குக் காட்டுச் செடிகளைத்தான் போட்டார்கள். பிறகுதான் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ வந்தது. அது கெடாமல் வைத்திருக்கும் என்பதால் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. 1516-ல் ஜெர்மனியில் பவேரியா பிரபுக்கள் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று ஆணையே போட்டார்கள். ஆக, என் மகன் புது ஃபேஷன் என்று சொன்னதுதான் எல்லாவற்றிலும் பழசு.

அசாமில் திமாசா மக்கள் ஒரு மரப்பட்டையைச் சேர்த்துத் தயாரிக்கும் ஜூடிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம் ஊர் காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரைச் சுங்குடிக்கும் கிடைத்த அதே மரியாதை. அந்த மரியாதைக்குரிய பொருளின் பங்காளிதான் எங்கள் தெருச் சாக்கடையில் ஓடியது.

இந்த இடத்தில் நீங்கள் எழுப்பக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே எழுந்த கேள்விதான். என் மனைவியின் தம்பி நல்ல பவர் டேபிள் டெய்லர். சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமைதான் கண் விழிப்பான். நாற்பத்து மூன்று வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் குழந்தைகள் இரண்டையும் நாங்கள்தான் படிக்கவைத்தோம். 'குடியில் நல்ல குடி, கெட்ட குடி என்று பிரிக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?' என்று என் மனைவி கேட்டால் என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடியாது. 1921-ல் பக்கத்து ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியல் செய்தது சும்மா இல்லை. பெண்கள் பட்டது அப்படி.

ஜார்க்கண்டிலும் ஹண்டியா கண்ணீர் வரவழைத்திருக்கிறது. அங்கே சந்தையில் ஹண்டியா விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். அவர்களை வேறு தொழிலுக்கு மாற்ற, வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பூலோ ஜானோ திட்டத்தை அந்த மாநில அரசு 2020-ல் கொண்டுவந்தது. நான் இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தத் திட்டம் குறிவைப்பது விற்பனையை. பண்டிகைக்கு வீட்டு மூலையில் வைக்கிற பானையை அல்ல.

விற்பனை நுழைந்தவுடன் பானைக்குள் போகிற சரக்கு மாறிவிடுகிறது. வீட்டுக்குச் செய்கிறவள் வாசனைக்கும் கெடாமலிருக்கவும் பட்டையும் வேரும் போடுகிறாள். விற்கிறவன் சீக்கிரம் தலைக்கு ஏறுவதற்கு எதையாவது போடுகிறான். தெலங்கானாவில் கள்ளில் தூக்க மாத்திரைச் சரக்கைக் கலப்பது பல வருடத் தொல்லை. 2023-ல் மரக்காணத்திலும், 2024 ஜூனில் அறுபது பேருக்கு மேல் செத்த கள்ளக்குறிச்சியிலும் ஆளைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம். சோறும் ராணுவும் ஊறுகிற பானையில் அந்த அளவு மெத்தனால் தானாக உண்டாகாது. நாற்பது வருடம் கெமிக்கல் டிரம்களோடு புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வெளியிலிருந்து ஊற்றினால்தான் வரும்.

அமெரிக்காவில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் மதுவிலக்கு இருந்து, எடுக்கப்பட்ட பிறகும் வீட்டில் பீர் தயாரிப்பது பல வருடம் சட்டவிரோதமாகவே இருந்தது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை. விற்கக் கூடாது. வடித்துச் சாராயமாக்குவதற்கு அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை.

நமக்கு அவ்வளவு தாராளம் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு பானை, சில லிட்டர். ஊறவைக்கலாம், வடிக்கக் கூடாது. ஒரு ரூபாய்க்குக்கூட விற்கக் கூடாது. விற்றால் இப்போதிருக்கிற தண்டனை அப்படியே இருக்கட்டும். அதே கணக்கில் நம் தோட்டத்துத் தென்னையில், பனையில் சொந்த உபயோகத்துக்குக் கள் இறக்குவதையும் யோசிக்கலாம். இங்கே 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பொள்ளாச்சி தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதே தென்னையில், அதே கள்ளை இறக்கிக் கடையிலேயே விற்கிறார்கள்.

என் மனைவிக்கு நான் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான். உன் தம்பியைக் கொன்றது மூன்று நாள் காத்திருந்து நாலு பெரியவர்களுக்குப் படைத்துவிட்டுக் குடித்த கஞ்சி இல்லை. வேலை விட்டு வருகிற வழியில், நினைத்த நேரத்தில், கையில் காசு இருக்கிறவரை கிடைத்த குவார்ட்டர். பானையை வைக்கிறவள் வீட்டுப் பெண். எவ்வளவு அரிசி, எத்தனை நாள், யாருக்கு எத்தனை கிண்ணம் என்பது அவள் கையில் இருக்கிறது. டாஸ்மாக் வரிசையில் நிற்கிறவனுக்கு அளவு சொல்ல அங்கே யாரும் இல்லை. பானையைச் சாக்கடையில் கொட்டச் சொன்ன நான், அவள் கையில் இருந்த அந்தப் பிடியையும் சேர்த்துக் கொட்டச் சொல்லிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்தக் குடும்பம் அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போனது, திரும்பி வரவில்லை. கோடி அறையில் இப்போது வேறு ஆட்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்காகச் சொல்றது சரிதானுங்க. ஆனா சட்டமே வந்தாலும் நம்ம வீட்டுக்குள்ள பானை வைக்கற சோலி வேண்டாம்" என்றாள். எங்கள் வீட்டுப் பிடி அவள் கையில். நான் மறுபேச்சுப் பேசவில்லை.