வெள்ளோட்டத்திலேயே ஏறிக்கொள்ளுங்கள்



கோவையில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு செயலி எழுதுவது இப்போது புதுச் செய்தியல்ல. காணொளி பகிரும் செயலி ஒன்று சோதனையில் இருக்கிறது, சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா என்று நம் வாசகர் யார் கேட்டாலும், தயங்காமல் போங்கள் என்றே சொல்வேன்.

ஏன் என்பதற்கு யூடியூபே சாட்சி. அது 2005 பிப்ரவரியில் தொடங்கியபோது, ஆணும் பெண்ணும் தங்களைப் பற்றிப் பேசிப் பதிவிட்டு ஜோடி தேடும் தளமாகத்தான் அதை நினைத்திருந்தார்கள். அதற்கு ஆள் வரவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகளின் முன் நின்று பேசிய 19 வினாடிப் படம்தான் ஏப்ரல் 23 அன்று முதலில் ஏறியது. மே மாதம் சோதனைக்குத் திறந்ததும், வந்தவர்கள் மனதுக்குப் பிடித்த எதையெல்லாமோ ஏற்றினார்கள். தளம் அவர்கள் போக்கிலேயே வளர்ந்தது. அடுத்த ஆண்டே கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது.

இப்படித் தொடக்கத்திலேயே துணிந்து ஏறிக்கொள்வது நம்மூருக்கும் பழக்கமான கதைதான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் வாங்கினார். சினிமா என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஊர் ஊராகப் போய்க் காட்டினார், கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர்தான். இந்த நூற்றாண்டில், கோவையிலிருந்து வரும் நக்கலைட்ஸ் குழு நம் வீட்டுப் பேச்சையே யூடியூபில் பேசி ஊரெல்லாம் கேட்கவைத்தது. அதிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி 2025இல் ‘குடும்பஸ்தன்’ படத்தை இயக்கினார்.

ஆனால் சோதனைக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஊர் மரியாதை, எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று “நல்லா இருக்குதுங்க” என்று சொல்லி எழுந்துவிடும். செயலி எழுதும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. எந்தப் போன், எதைத் தொட்டீர்கள், எங்கே நின்றுபோனது என்று சொல்லுங்கள். ஆனைமலை அடிவாரத்துச் சிக்னலில் ஒரு நிமிடப் படம் ஏறுகிறதா? கிணத்துக்கடவில் தக்காளி விளைவிப்பவர் ஆங்கிலம் தெரியாமலே அதை இயக்க முடிகிறதா? பள்ளிப் பிள்ளைகளின் முகத்தை யாரெல்லாம் பார்க்கலாம்? பயனர்கள் கோடிக்கணக்கில் பெருகிய பிறகு இந்தக் கேள்விகள் யார் காதிலும் விழாது. சில நூறு பேர் மட்டும் இருக்கும்போது, கேட்டவுடன் மாற்றித் தருவார்கள்.

ஏற்றியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும் வசதியையும் கட்டாயம் கேளுங்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. இந்தியாவில் ஏறக்குறைய 20 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். ஆடிப் பாடி, நடித்துச் சேர்த்துவைத்த படங்களுக்கு வேறு பிரதி இல்லாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். சோதனையில் இருக்கும் செயலி தடை எதுவும் இல்லாமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கக் கூடியது. அதனால் பாட்டி சொன்ன கதையோ, ஊர் நோம்பியோ, எதைப் படம் பிடித்தாலும் மூலப் பிரதியை முதலில் உங்கள் கணினியில் சேமித்துவிட்டு, அதன் பிறகு ஏற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்