ஹாலிவுட் பூதங்களை விட காட்ஸில்லா ஏன் ஒரு படி மேல்?

அணுகுண்டு பயத்தில் பிறந்த ராட்சத மிருகப் படங்களில் எது டாப்? நம்ம ஓட்டு 1954-ல் ஜப்பானில் வந்த 'காட்ஸில்லா'வுக்குத்தான்.

ஹாலிவுட் முந்திக்கொண்டது உண்மை. 1953-ல் வந்த 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்' படத்தில், ஆர்க்டிக் அணு சோதனை ஒரு டைனோசரை எழுப்பிவிடும். அடுத்த வருஷம் 'தெம்!' படத்தில், நியூ மெக்ஸிகோ அணு சோதனையின் கதிர்வீச்சால் எறும்புகள் பூதமாகும். ரெண்டுமே விறுவிறு படங்கள்தான். ஆனா முடிவைப் பாருங்க. டைனோசரைக் கதிரியக்க ஐசோடோப்பைச் செலுத்திக் கொல்கிறார்கள். எறும்புகளை லாஸ் ஏஞ்சலஸ் வடிகால்களில் ராணுவம் எரிக்கிறது. பிரச்சினையைக் கிளப்பியவர்களே ஹீரோ!

ஜப்பானுக்கு இது கற்பனை இல்லை. 1954 மார்ச் 1-ல் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீது கொட்டியது. செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் காட்ஸில்லா ரிலீஸ். படம் தொடங்குவதே கடலில் ஒரு கப்பல் அழிவதில்தான். தியேட்டரில் இருந்தவர்களுக்கு விளக்கமா வேணும்?

இயக்குநர் இஷிரோ ஹோண்டா நகரத்தை நொறுக்கியதோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையிடம் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் காட்டிப் பார்க்கிறார்கள். காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி (70 வருஷப் படம், ஸ்பாய்லர்னு திட்டாதீங்க), குறிப்புகளை எரித்துவிட்டு, அது இன்னொருத்தர் கைக்குப் போகக் கூடாதுன்னு கடலுக்குள்ளேயே உயிரை விடுகிறார்.

1956-ல் அமெரிக்கா இதை வெட்டி, நடிகர் ரேமண்ட் பர்ரை நுழைத்து வெளியிட்டது. ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தப்பியதைச் சொல்லும் இடம் காலி. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரலாம் என்ற கடைசி எச்சரிக்கையும் காலி. பார்ப்பதா இருந்தா ஜப்பானிய ஒரிஜினலையே சப்டைட்டிலோடு பாருங்க.