புத்தாண்டு இசையும் பூட்டிவைத்த பெட்டகமும்

ஆண்டுதோறும் ஜனவரி முதலாம் திகதி வியன்னா நகரின் முசிக்வெராயின் மண்டபத்தில் நடைபெறும் இசைநிகழ்ச்சியைத் தொலைக்காட்சியிற் காணாத இசை இரசிகர்கள் குறைவு. பொன்முலாம் பூசிய மண்டபம், மலர் அலங்காரம், ஸ்ட்ராவுஸ் குடும்பத்தாரின் வால்ட்ஸ் இசை, இறுதியில் இரசிகர்களின் கைதட்டலோடு ஒலிக்கும் ராடெற்ஸ்கி அணிநடை. நமது மும்பாயில் பிறந்த சுபின் மேத்தா இந்நிகழ்ச்சியை ஐந்து தடவை நடத்தியவர் என்பதால் நம்மவரும் இதனைச் சற்று உரிமையோடு பார்ப்பதுண்டு.

இவ்வளவு இனிமையான நிகழ்ச்சி எப்போது தொடங்கியது? 1939 டிசம்பர் 31ஆம் திகதி. இரண்டாம் உலகப் போர் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஒஸ்திரியா ஹிட்லரின் ஜேர்மனியோடு இணைக்கப்பட்டிருந்தது. கிளெமென்ஸ் கிரவுஸ் நடத்திய அந்த முதல் நிகழ்ச்சியின் வருமானம் நாஸிகளின் போர்க்காலக் குளிர்கால நிதிக்கு வழங்கப்பட்டது. இந்த உண்மையைப் பெரும்பாலான இரசிகர்கள் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை.

வியன்னா பில்ஹார்மோனிக் குழுவின் தொடக்கம் பெருமைக்குரியது. 1842 மார்ச் 28ஆம் திகதி ஒட்டோ நிக்கோலாய் அதன் முதலாவது நிகழ்ச்சியை நடத்தினார். அரச ஒபேராவில் வாசிக்கும் கலைஞர்களே இதன் உறுப்பினர்கள். புரவலரும் இல்லை, முதலாளியும் இல்லை. தமது நிர்வாகிகளைத் தாமே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். 1933 முதல் நிரந்தர நடத்துனரே இல்லை. எவரை அழைப்பது என்பதையும் உறுப்பினர்களே தீர்மானிக்கின்றனர். முடியாட்சிக் காலத்திலேயே முளைத்த ஒரு சிறு குடியரசு என இதனைச் சொல்லலாம்.

அந்தக் குடியரசு 1938இல் என்ன செய்தது? மார்ச் மாதம் ஜேர்மன் படைகள் வியன்னாவுக்குள் நுழைந்ததும் யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆர்னோல்ட் ரோசே 1881 முதல் 57 ஆண்டுகள் குழுவின் முதல் வயலின் கலைஞராக விளங்கியவர். குஸ்தாவ் மாலரின் மைத்துனர். முதுமையில் லண்டனில் தஞ்சம் புகுந்து அங்கேயே 1946இல் மறைந்தார். அவருடைய மகள் அல்மா அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பெண் கைதிகளின் வாத்தியக் குழுவை நடத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டு 1944இல் அங்கேயே உயிரிழந்தார். குழுவின் உறுப்பினராக இருந்த ஐவர் முகாம்களிலும் கெட்டோக்களிலும் மாண்டனர். எஞ்சியிருந்தோரில் ஏறத்தாழச் சரிபாதியினர் நாஸிக் கட்சியில் இருந்தனர்.

நாஸிகள் வரலாற்றைத் திருத்துவதில் எவ்வளவு தூரம் செல்வர் என்பதற்கும் வியன்னாவே சான்று. ஸ்ட்ராவுஸின் முன்னோர் ஒருவர் யூதராகப் பிறந்தவர் என்பதைக் காட்டும் தேவாலயத் திருமணப் பதிவேட்டையே எடுத்துச் சென்று, பொய்யான பிரதியொன்றை வைத்தனர்.

பொய் எழுதியவர்கள் 1945இல் வீழ்ந்தனர். மௌனம் மட்டும் நீடித்தது. வியன்னாவின் நாஸி ஆளுநரும், அந்நகரத்து யூதர்களை நாடு கடத்தியமைக்காக நூரெம்பேர்க்கில் தண்டிக்கப்பட்டவருமான பால்டூர் ஃபொன் ஷிராஹ் போர்க்காலத்தில் குழுவின் கௌரவ மோதிரத்தைப் பெற்றிருந்தார். அவர் 1966இல் விடுதலையான பின்னர் அம்மோதிரத்தின் மறுபிரதியொன்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் முன்னாள் எஸ்.எஸ். உறுப்பினரும் குழுவின் நிர்வாகியுமான ட்ரம்பெட் கலைஞர் ஹெல்முட் வோபிஷ் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. குழுவின் ஆவணங்கள் வெளியாருக்கு எளிதில் திறக்கப்படுவதில்லை என்ற குறை பல ஆண்டுகள் பேசப்பட்டது. அரசியல்வாதிகளும் வரலாற்றாசிரியர்களும் ஊடகங்களும் விடாது வற்புறுத்திய பின்னரே, ஒலிவர் ராட்கோல்ப் தலைமையிலான ஆய்வாளர் மூவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டு, 2013இல் முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டில் நாஸிப் பிரமுகர்களுக்கு வழங்கப்பட்ட கௌரவங்களைக் குழு இரத்துச் செய்தது.

பெண்கள் விடயத்திலும் இதே கதைதான். யாழ்க் கலைஞர் அன்னா லெல்கெஸ் 20 ஆண்டுகளுக்கு மேலாக உடன் வாசித்தும் 1997 வரை உறுப்பினர் அல்லர். அமெரிக்கப் பயணத்தை முன்னிட்டு எதிர்ப்பு எழுந்தபோதுதான் கதவு திறந்தது.

"பழையதைக் கிளறி என்ன பயன்? இசை என்ன பாவம் செய்தது?" எனக் கேட்போர் உண்டு. இசை பாவம் செய்யவில்லை; இசையை நாம் கைவிட வேண்டியதுமில்லை. ஆனால் வயலினைத் தூக்கிய கைகளே வெளியேற்றத்தையும் ஏற்றுக்கொண்டன. அதனைச் சொல்லாமல் 1842இன் பெருமையை மட்டும் சொல்வது அரை வரலாறு. அரை வரலாறு, வெளியேற்றப்பட்டவர்களை இரண்டாம் முறையும் வெளியேற்றுகிறது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். வாக்குரிமையும் சுயநிர்வாகமும் ஒரு நிறுவனத்தை நேர்மையாக வைத்திருக்கப் போதா. உள்ளிருப்போர் ஒருவரையொருவர் காப்பாற்றவே முனைவர். அது மனித இயல்பு. ஆகவே எந்த நிறுவனமும் தனது வரலாற்றுக்குத் தானே நீதிபதியாக இருத்தலாகாது. பெட்டகத்தின் திறப்பை வெளியாரிடம் கொடுக்க வேண்டும். பத்திரிகைத் தொழிலில் உள்ள நமக்கும் இது பொருந்தும்.

திறந்ததால் குழு அழிந்துவிடவில்லை. 2020 முதல் ராடெற்ஸ்கி அணிநடைக்கு நாஸிக் கட்சிக்காரரான வெனிங்கர் அமைத்த இசைவடிவத்தைக் கைவிட்டு, புதிய வடிவத்தையே வாசிக்கின்றனர். இரசிகர்கள் முன்போலவே கைதட்டுகின்றனர். உண்மையைக் கேட்ட பின்னரும் இசை இனிக்கிறது என்றால், இத்தனை ஆண்டுகள் அஞ்சியது எதற்காக?