சீரியல் பாக்குற பொம்பளைங்க மேல பழி போடாதீங்க

போன ஆவணியில கும்பகோணத்துல ஒரு கல்யாணம். சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். சென்னையில இருக்கிற, மாமா முறை வர்ற ஒருத்தர் ஆரம்பிச்சார். "ஏன் மாப்ள, ஊர்ல நடவுக்கு ஆளே கெடைக்கலையாமே? எப்படிக் கெடைக்கும்? பொம்பளைங்க எல்லாம் சீரியல் பாத்துக்கிட்டுக் கெடக்குறாங்க. பத்தாததுக்கு நூறு நாள் வேலை வேற." சுத்தி இருந்தவங்க எல்லாரும் தலையை ஆட்டினாங்க. இதை அவர் சொல்லும்போது கையில போன். கட்டை விரல் ஒரு நிமிஷம் நிக்கல. ஒவ்வொரு வீடியோவா மேல தள்ளிக்கிட்டே எங்க ஊர்ப் பொம்பளைங்களோட சோம்பேறித்தனத்தைப் பத்திப் பேசினார்.

பெரியவர், கல்யாண வீடு, அதனால நான் வாயைத் திறக்கல. ஆனா பஸ் ஏறி வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. அங்க சொல்லாததை இங்க சொல்றேன். டவுன்ல இருந்துக்கிட்டு இதே மாதிரி பேசுற எல்லாருக்கும் சேத்துத்தான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. நடவு ஆரம்பிக்கிறது காலையில. ஊரே பேசுற பெரிய சீரியல் எல்லாம் ஓடுறது ராத்திரி. பகல்ல ஓடுற சீரியலைப் பாத்துக்கிட்டு நடவுக்கு வராம இருந்த பொம்பளைய எங்க ஊர்ல நான் பாத்ததில்ல. ஆள் ஏன் இல்லன்னா, இளவட்டப் பொண்ணுங்க பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போயிட்டாங்க, கொஞ்சம் பேர் டவுன்ல ஜவுளிக்கடையில நிக்கிறாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு அம்பது வயசுக்கு மேல ஆச்சு, குனிஞ்சா இடுப்பு நிமிராது. இதுல டிவி எங்க வந்துச்சு?

டிவி மேல பழி போடுறது புதுசும் இல்ல. 2006 தேர்தல் முடிஞ்சு இலவசக் கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சப்ப டவுன்காரங்க எவ்வளவு கேலி பண்ணுனீங்க? ஓசி டிவி வாங்கிட்டு சனங்க வேலைக்குப் போகாதுன்னு அப்பவே சொன்னீங்க. உங்க வீட்டு ஹால்ல இருந்தா அது பொழுதுபோக்கு, எங்க கூரை வீட்டுல வந்தா அது சீரழிவு. அந்த டிவி வர்றதுக்கு முன்னால எங்க ஊர்ல டிவின்னா பஞ்சாயத்து டிவிதான். 1987ல ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம் போடுவான். எல்லாம் இந்தி. ஒரு வார்த்தை புரியாது. ஆனா ராமனை எங்களுக்குத் தெரியுமே, அதனால புரிஞ்சுச்சு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும்னா இடம் பிடிக்க அடிதடி. அந்தப் பஞ்சாயத்து டிவி முன்னால எல்லாரும் உக்காந்துட முடியாது, யாரு உள்ள, யாரு வாசப்படி, யாரு ரோட்டுலேயே நிக்கணும்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துச்சு. இலவச டிவி வந்தப்பதான் ரோட்டுல நின்னவங்க வீட்டுக்குள்ள உக்காந்து பாத்தாங்க. அதைக் கேலி பண்ணினவங்களுக்கு இது தெரியாது.

சரி, சீரியலுக்கு வர்றேன். எங்க வீட்டம்மா இருபத்தஞ்சு வருஷமா சீரியல் பாக்குறாங்க. சித்தியில ஆரம்பிச்சு மெட்டி ஒலி, கோலங்கள், எதிர்நீச்சல் வரைக்கும் விட்டது கிடையாது. அவங்க டிவி பாக்குறதை நான் ஒருநாள் உக்காந்து கவனிச்சேன். முருங்கைக்கீரை உருவுறாங்க. அது முடிஞ்சா மறுநாளைக்குப் புளி, கொட்டை எடுக்கிறாங்க. உளுந்து காலத்துல முறத்துல போட்டுக் கல்லு பொறுக்குறாங்க. கண்ணும் காதும் டிவியில, கை ரெண்டும் வேலையில. விளம்பரம் வந்தா எந்திரிச்சுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுவாங்க. இருபத்தஞ்சு வருஷத்துல சும்மா உக்காந்து அவங்க டிவி பாத்து நான் பாத்ததில்ல.

போன் அப்படி இல்லீங்க. போன் கையைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு கை பிடிக்க, ஒரு விரல் தள்ள. போன் பாத்துக்கிட்டே கீரை உருவுன ஆம்பளை யாரையாவது காட்டுங்க.

இன்னொண்ணு. சீரியல் பாத்தவங்க மறுநாள் அதைப் பேசுவாங்க. எதிர்நீச்சல் ஓடுனப்ப நடவு வயல்ல வேற பேச்சே கிடையாது. அதுல அப்பத்தாவுக்குச் சொத்துல நாப்பது சதவீதம் பங்கு, அதை வச்சுத்தான் கதையே சுத்தும். ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர்ல இறந்தப்போ, அதுவரைக்கும் அந்தாளைத் திட்டிக்கிட்டு இருந்த பொம்பளைங்களே வயல்ல நாத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கண்ணைத் தொடச்சதை நான் பாத்தேன். சிரிப்பும் வந்துச்சு, என்னமோ போலவும் இருந்துச்சு.

அந்த நாப்பது சதவீதப் பேச்சு வயலோட நிக்கல. ஒரு அம்மா கரையேறி வந்து எங்கிட்டயே கேட்டாங்க, "ஏங்க, பொண்ணுக்கும் அப்பன் சொத்துல பங்கு உண்டுன்னு சட்டம் இருக்காமே, நெசமா?" நெசந்தான். தமிழ்நாட்டுல 1989லயே பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்குப் பங்குன்னு சட்டம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005ல வந்துச்சு. நான் உண்டுன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி வீட்டம்மா கீரையை உருவிக்கிட்டே, என் பக்கம் திரும்பாம, "வயல்ல நின்னு சட்டம் எல்லாம் சொல்றீங்க, உங்க தங்கச்சி ரெண்டு பேருகிட்டயும் என்னத்துல கையெழுத்து வாங்கினீங்க?" அப்படின்னாங்க.

விடுதலைப் பத்திரம். எங்க அப்பா செத்து ஆறு மாசத்துல வாங்கினேன். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை, பஸ் செலவு. அவங்களும் ஒண்ணும் கேக்கல, எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நானும் நெனைச்சேன். இத்தனை வருஷத்துல அந்தக் கேள்வியை எங்கிட்ட எந்தக் கட்சிக்காரனும் கேக்கல, எந்தப் பேப்பரும் கேக்கல. நீங்க குப்பைன்னு சொல்ற சீரியல்தான் கேக்க வச்சுச்சு. (சீரியல்ல குப்பை இல்லன்னு நான் சொல்லல. ஒரு கன்னத்துல அடி விழுறதை மூணு தடவை திருப்பித் திருப்பிக் காட்டுறது, மாமியாக்காரி விஷம் வைக்கிறது, இதெல்லாம் எனக்கும் சகிக்காது.)

இப்ப ஆம்பளைங்க கதைக்கு வருவோம். வேற யாரையும் இழுக்க வேணாம், என்னையே சொல்றேன்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து நெட்டு சும்மா கிடைச்சுச்சு. மறு வருஷம் பிக்பாஸ் தமிழ்ல வந்துச்சு. ஓவியா ஆர்மின்னு ஒண்ணு கெளம்புச்சே, ஞாபகம் இருக்கா? அதை வேடிக்கை பாக்கப் போனவன்தான் நான். அப்புறம் வேடிக்கை பாக்குறவனா நிக்கல. 2020ல கொரோனா, வெளியில போக வழியில்ல. அந்த அக்டோபர்ல நாலாவது சீசன் ஆரம்பிச்சப்ப நான் ஒருத்தரோட ஆர்மியில முழுசா சேந்துட்டேன். யாருன்னு சொல்ல மாட்டேன், இப்பவும் சண்டைக்கு வர ஆள் இருக்கு. காலையில முதல் புரொமோ, மத்தியானம் ரெண்டாவது, சாயங்காலம் மூணாவது. ஒவ்வொண்ணுக்கும் நாப்பது ரிவ்யூ. குரூப்புல அட்மின் காலையிலயே வேலை பிரிச்சுக் குடுத்துடுவார்: இன்னிக்கு இந்த ஹேஷ்டேக், இத்தனை மணிக்கு எல்லாரும் ஒண்ணாப் போடணும், எதிராளி வீடியோவுக்குக் கீழ போய் இன்னின்ன மாதிரி எழுதணும். வரப்புல நின்னுக்கிட்டு எழுதினேன். முகம் தெரியாத ஒரு பொண்ணை, என் மக வயசு இருக்கும், கேவலமா எழுதினேன். பக்கத்து வயல்காரன்கிட்ட அப்படி ஒரு வார்த்தை பேசிட்டு நான் ஊர்ல இருக்க முடியாது. மறுநாள் அவன் மடையைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணி வரணும். போன்ல மடையும் இல்ல, மறுநாளும் இல்ல.

அந்த வருஷம் தை மாசம் டெல்டாக்காரங்களுக்கு மறக்காது. 2021 ஜனவரி. அறுப்புக்கு நிக்கிற சம்பா மேல காலம் தப்பி மழை கொட்டுச்சு. பொங்கலே மழையிலதான். பிக்பாஸ் கடைசி நாள் ஜனவரி 17. அந்த வாரம்தான் ஓட்டு. போகி ராத்திரி நல்ல மழை. பள்ளத்து வயல் ரெண்டு மாவுல வரப்பை வெட்டித் தண்ணிய வடிகால்ல விடணும், மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்து வச்சுட்டேன். இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு திண்ணையில உக்காந்திருந்தேன். எதிர் ஆர்மி எங்களை முந்துதுன்னு குரூப்புல ஒரே கூச்சல். என் போன் பத்தாதுன்னு வீட்டம்மா போனையும் எடுத்து ஓட்டுப் போட்டேன். அப்படியே விடியக்காலை ஆயிடுச்சு. போய்ப் பாத்தா மேல் வயல் தண்ணியும் சேந்து இறங்கி, கதிர் மொத்தமும் சாஞ்சு தண்ணிக்குள்ள கெடக்கு. நாலு நாள்ல நெல்லு முளை கட்டிருச்சு.

மேட்டு வயலும் சாஞ்சதுதான், ஆனா அதை அறுத்துத் தேத்திட்டேன். பள்ளத்து ரெண்டு மா போச்சு. மாவுக்குப் பத்து மூட்டைன்னு வச்சாலும் இருபது மூட்டை, அறுபது கிலோ கணக்குல 12 குவிண்டால். அந்த வருஷம் கொள்முதல் நிலையத்துல சாதா ரகம் குவிண்டாலுக்கு 1,918 ரூபாய். 23,000 ரூபாய்க்கு மேல வருது. கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட மழையில போச்சுன்னேன். வீட்டம்மாகிட்டயும் அதேதான் சொன்னேன். அவங்க அந்த ராத்திரி டிவியை நிறுத்திட்டு எட்டரை மணிக்கே, "தண்ணிய வெட்டி விட்டுட்டு வந்துடுங்க, சத்தம் பலமா இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க.

ஜெயிச்சவருக்கு அம்பது லட்சம். அவர் நூறு நாள் உள்ள கெடந்தார், உழைச்சார், வாங்கினார், அதுல எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. சேனலுக்கு விளம்பரம். ரிவ்யூ போட்டவனுக்கு யூடியூப் வீடியோவுல வர்ற விளம்பரக் காசுல நூத்துக்கு அம்பத்தஞ்சு. ராவும் பகலும் எழுதின எனக்கு? நூறு நாள் வேலைக்குப் போறவங்களை டவுன்காரங்க கிண்டல் பண்றீங்க. அவங்க வாய்க்காத் தூர்வாரினா நாளுக்கு ஏதோ ஒரு கூலி கணக்குல ஏறுது. 2024ல அரசாங்கம் சொன்ன கூலி 319 ரூபாய். நான் நூறு நாள் பாத்தேனே, அதுக்கு அந்தக் கூலியும் இல்ல. என் நெட்டு, என் கரண்டு, என் ரெண்டு மா நெல்லு. ஓசியில வேலை பாக்குறது யாருன்னு இப்ப சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்து. வீட்டுல நாம டிவி பாக்குறது டிஆர்பி கணக்குல ஏறவே ஏறாது. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீட்டுல மட்டும் மீட்டர் வச்சிருக்கான், அந்த வீட்டுக்காரங்க பாக்குறதுதான் கணக்கு. என் வீட்டம்மா கோலங்கள் ஆறு வருஷம் பாத்ததை யாரும் எண்ணல. அவங்க பாத்தாங்க, அழுதாங்க, பேசினாங்க, படுத்துத் தூங்கினாங்க. போன்ல அப்படி இல்ல. நான் எத்தனை நொடி நின்னேன், எதைப் பாத்துக் கோவப்பட்டேன், எல்லாம் ஏறுது. கோவப்பட்டதைப் பாத்து அதே மாதிரி இன்னும் நாலு வீடியோ வருது. நாட்டு மாடு வீடியோ ஒண்ணு நான் முழுசாப் பாத்தா ஒரு வாரத்துக்கு மாடாத்தான் வரும். அதே மாதிரி சண்டையைப் பாத்தா சண்டையா வரும். பொம்பளைங்களுக்குச் சீரியல் ஒரு இடத்துல "தொடரும்"னு நிக்குது. நமக்கு அந்த எழுத்தே கெடையாது.

சினிமா ரசிகர் மன்றமும் நான் பாத்தவன்தான். ரஜினி படம்னா பசை காய்ச்சினதே நான்தான். அதுலயும் காசு போச்சு, நேரம் போச்சு, எங்க அப்பாகிட்ட உதை வாங்கினேன். ஆனா டீக்கடையில எதிர் மன்றத்துக்காரனோட சண்டை போட்டா, கடையைச் சாத்துற நேரத்துல முடிஞ்சுடும். அவன் வீட்டுச் சாவுக்கு நான்தான் மூங்கில் வெட்டினேன்.

இப்ப நான் வயலுக்குப் போறப்ப பட்டன் போன் எடுத்துட்டுப் போறேன். பெரிய போன் வீட்டுல அரிசிப் பானைக்குப் பக்கத்துல கெடக்கும். விட்டுட்டேன்னு பெருமை அடிக்க மாட்டேன், ராத்திரி ஒரு மணி நேரம் இன்னும் போகுது, சில நாள் ரெண்டு.

அந்தப் பள்ளத்து வயல் விஷயத்தை இதை எழுதுறதுக்கு முந்தின நாள்தான் வீட்டம்மாகிட்ட சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும், என் போன் சூடா இருந்துச்சு"ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேசல. தங்கச்சிங்க விஷயம் மட்டும் இன்னும் பேசி முடியல, தைக்கு ரெண்டு பேரும் வர்றாங்க.

கல்யாண வீட்டுல பேசின மாமா, நீங்களும் ஒரு தடவை வாங்க. ராத்திரி சீரியல் நேரத்துக்கு வந்தீங்கன்னா நல்லது. போனை அரிசிப் பானைகிட்ட வச்சுட்டு உக்காருங்க, ஒரு கட்டு முருங்கைக்கீரை தர்றேன், வீட்டம்மா கூடச் சேந்து உருவுங்க. யார் முதல்ல முடிக்கிறாங்கன்னு பாப்போம்.