சோற்றுப் பானையிலா சிக்கனம்?

வடபகுதி அரச கந்தோர் ஒன்றின் சிற்றுண்டிச்சாலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். காரணம் கேட்டால், நட்டமாம், சிக்கனமாம்! வாகனத்திலும் விழாவிலும் தலைகாட்டாத சிக்கனம் ஊழியரின் சோற்றுப் பானையில் மட்டும் வந்து குந்துவதேன் என்று வினவுகின்றோம்.

சகாய விலையில் வழங்கிய மதிய உணவு தருமமன்று. சம்பளத்தின் ஒரு கூறு. அதனைப் பறிப்பது சொல்லாமற் செய்யும் சம்பள வெட்டு. மேலதிகாரிகளுக்கு இதனால் நோவில்லை. விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வரும் எழுதுவினைஞரும் சிற்றூழியருமே வாடுகின்றனர். பெண் ஊழியர் நாலு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும். இயலாதவர் தேநீரும் பணிசும் கொண்டு பசியை ஏய்க்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஏறிய விலையோ பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இந்நிலையிலா உள்ள அடுப்பையும் அணைப்பது?

கமக்காரரே, இஃது உத்தியோகத்தர் வழக்கென்று வாளாவிருத்தல் வேண்டா! அந்த அடுப்புக்குக் கத்தரியும் பூசணியும் வந்தது உங்கள் தோட்டங்களிலிருந்தன்றோ? உணவு தேடிச் சந்திக் கடைக்குச் சென்ற எழுதுவினைஞர் திரும்புமட்டும், காணி அலுவலுக்கும் உர மானியத்துக்கும் காத்துக் கிடப்பவர்களும் நீங்களே.

சிக்கனம் பேசி வயிற்றில் கைவைத்த கதை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினர். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தினர். ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பசியைக் கணக்கில் எழுதாதவர் கணக்கு நேராவதில்லை.

நட்டம் மெய்யென்றே கொள்வோம். அதற்கு மூடுவதொன்றுதானா வழி? 1950களில் இந்தியக் கோப்பிச் சபை தன் கோப்பி விடுதிகளை மூடத் துணிந்தபோது, வேலையிழந்த ஊழியர் ஏ. கே. கோபாலன் போன்றோரின் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே ஏற்றனர். சபை கைவிட்ட அடுப்பு அவர்கள் கையில் இன்றும் எரிகின்றது. கூட்டுறவால் மூளாயில் வைத்தியசாலையே கண்ட மக்களுக்கு ஒரு சமையலறை நடத்துவது பெரிதா?

ஆகவே கேட்கின்றோம்: நட்டக் கணக்கை ஊழியர் முன் வையுங்கள். இடமும் நீரும் மின்சாரமும் திணைக்களம் கொடுக்கட்டும். நிருவாகத்தை ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஏற்கட்டும். அரிசியும் மரக்கறியும் இடைத்தரகரின்றிக் கமக்காரர் சங்கங்களிடம் வாங்கட்டும். உத்தியோகத்தரும் உழவரும் ஒருங்கே நின்று கேட்டால் இப்பூட்டுத் திறக்கும். தனித்தனியே முணுமுணுத்திருந்தால், நாளை அடுத்த கந்தோரிலும் அடுப்பு அணையும்!